இடது இடுப்பின் மூன்று படங்கள்

எனக்கு ஒன்றுமே இல்லை என்று முதலில் சொன்னது ஒரு எக்ஸ்ரே. என் எலும்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று அடுத்துச் சொன்னது ஒரு எம்ஆர்ஐ. இரண்டையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காக வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் எனக்குக் கிடைத்த பெயர் அடங்காதவள். அந்தப் பெயரை மாற்றிக்கொள்ள நான் இன்றுவரை எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

நான் பிறந்தது பள்ளிப்பட்டுப் பக்கம். கல்யாணமாகி வந்தது கங்காதர நெல்லூருக்கு. சித்தூர் அருகே ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சீசனில் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய லாரிகள் சாலை முழுக்க நிற்கும். கூழில் இனிப்பு போதவில்லை என்றால் அந்தத் தொட்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியது நான்தான். நிறுத்தினால் மேனேஜர் கத்துவார், லாரிக்காரர் கத்துவார். பழகிவிட்டது. ஒருவர் குரலை உயர்த்தினார் என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டதில்லை. பிறகு நடந்ததற்கெல்லாம் என் குணத்தைத்தான் காரணம் சொன்னார்கள். குணம் உண்மைதான். வலியும் உண்மைதான்.

முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது, எட்டாவது மாதத்தில், இடது தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் வலி தொடங்கியது. படுத்திருந்தால் பரவாயில்லை. எழுந்து காலை ஊன்றினால் உள்ளே ஆணி அடித்ததுபோல் இருக்கும். மாமியாரிடம் சொன்னேன்.

"அத்தே, இடுப்பு வலிக்குது."

தவறு அந்தச் சொல்லில் இருந்தது. கர்ப்பிணி இடுப்பு வலி என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். அவர் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு என் கணவருக்கு போன் போட்டார். அவர் செல்போன் டவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர். எங்கோ டவர் அடியில் இருந்தவர் பறந்து வந்தார். துணிப்பையும் பிளாஸ்க்குமாகச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிரசவ வலி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் வலி என்றால் வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

எனக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவமும் மாமியார் வீட்டோடுதான். பெண் குழந்தை. என் அப்பா, நைனா, பள்ளிப்பட்டிலிருந்து வந்து பேத்தியைப் பார்த்துவிட்டு, நான் சுவரைப் பிடித்து நடப்பதையும் பார்த்தார். "பெத்த ஒடம்பு, அப்டித்தான் இருக்கும்" என்று எல்லோரும் அவரிடம் சொன்னார்கள். அவர் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார்.

பெற்ற உடம்பு தேறியது. கால் தேறவில்லை. நாளுக்கு நாள் மோசமானது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறை வரை போக முடியாது. இடது காலை இழுத்து இழுத்து, பக்கவாட்டில் சாய்ந்து நடந்தேன். நான் பிடிவாதம் பிடித்து, கணவரை இழுத்துக்கொண்டு சித்தூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஏமீ லேதம்மா. எலும்பு நல்லா இருக்கு. கால்சியம் மாத்திரை சாப்பிடு."

"நல்லா இருந்தா ஏன் சார் ஊன முடியல?"

"டெலிவரி ஆன பொம்பளைங்களுக்கு இது சகஜம். மனசுல டென்ஷன் வச்சிக்காதே."

என் தொடைமடிப்பில் அவர் கையே வைக்கவில்லை. காலை மடக்கிப் பார்க்கவில்லை. நான் நடப்பதைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போகும்போது அவர் போனில் இருந்தார், வெளியே வரும்போது அடுத்தவர் உள்ளே போய்விட்டார்.

வீட்டில் அந்த எக்ஸ்ரே ஒரு தீர்ப்பாகிவிட்டது. பாத்திரம் கழுவாமல் உட்கார்ந்திருந்தால் மாமியார் கேட்பார்:

"எக்ஸ்ரேவே ஒண்ணும் இல்லன்னு சொல்லிச்சி. இன்னும் இன்னாத்துக்கு நொண்டிக்கினு கீறே?"

"எக்ஸ்ரேவுக்கு வலிக்கல அத்தே. எனக்கு வலிக்குது."

"வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல."

அவரை நான் கெட்டவராக நினைக்கவில்லை. இடுப்பில் குடத்தோடு வயலுக்குப் போய்வந்து நான்கு பிள்ளை பெற்றவர். மருத்துவர் 'இல்லை' என்று சொன்ன ஒன்றை மருமகள் 'இருக்கிறது' என்றால் அவர் யாரை நம்புவார்? ஆனால் அதற்காக நான் இல்லாத சுகத்தை நடித்துக் காட்டவும் தயாராக இல்லை. வலிக்கும் இடத்தில் வலிக்கிறது என்றே சொன்னேன். தினமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி என் கணவரையே சலிக்க வைத்தேன். சலித்துப்போய்த்தான் அவர் ஒருநாள் தன் நண்பரின் காரை வாங்கிவந்து திருப்பதிக்குப் புறப்பட்டார்.

திருப்பதி சர்ஜன் முறையாகப் பார்த்தார், அதை மறுக்க மாட்டேன். படுக்க வைத்து என் காலை உள்பக்கம் திருப்பினார். நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். அவர் முகம் மாறியது. "எக்ஸ்ரேல தெரியாத நெறைய விஷயம் எம்ஆர்ஐல தெரியும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாதக்கணக்கில் யாரும் சொல்லாத வார்த்தை அது. மறுபடி ஒரு படம் எடுக்கச் சொன்னதற்கா இத்தனை சந்தோஷம் என்று என் கணவர் விழித்தார்.

அந்தக் குழாய்க்குள் படுத்து, தட்டுகிற சத்தத்தையெல்லாம் கேட்டுவிட்டு, அடுத்த நாள் அறிக்கையோடு போய் உட்கார்ந்தோம். சர்ஜன் அறிக்கையைப் படித்தார். தொடை எலும்பின் பந்துபோன்ற தலைக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டது, எலும்பு உள்ளே சாகத் தொடங்கிவிட்டது என்றார். சீக்கிரம் எலும்பில் துளை போட்டு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அது கைகொடுக்காவிட்டால் மூட்டையே மாற்ற வேண்டியிருக்கும். அடுத்த வாரமே செய்துவிடலாம்.

"இது எதனால சார் வருது?"

"குடி, ஸ்டீராய்டு, அடி பட்டது. சிலருக்குக் காரணமே தெரியாது."

"நான் குடிக்கறதில்ல. ஸ்டீராய்டு துன்னதில்ல. விழுந்ததும் இல்ல."

"அப்ப காரணம் தெரியாத வகை."

அறையை விட்டு வெளியே வந்ததும் என் கணவர் சுவரில் சாய்ந்து நின்றார். இத்தனை நாள் நம்பாமல் இருந்துவிட்டோமே என்ற குற்றவுணர்வு அவருக்கு. அந்தக் குற்றவுணர்வில் இப்போது எதையும் நம்பத் தயாராக இருந்தார். எனக்கோ நேர்மாறாக இருந்தது. முதல் படம் என்னை நம்பவில்லை என்பதற்காக இரண்டாவது படத்தின் காலில் விழ வேண்டுமா? கர்ப்பத்துக்கு முன்பு நன்றாக இருந்த எலும்பு, பிரசவத்தை ஒட்டி ஏன் கெட வேண்டும்? காரணம் தெரியாத வகை என்பது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை.

"படத்தப் படிச்சவங்கள நான் பாக்கணும்" என்றேன்.

"டாக்டர் சொல்லிட்டாரே, இன்னும் இன்னா?"

"இவரு படிச்சது அறிக்கைய. அறிக்கைய எழுதினவங்க எம் மூஞ்சியக்கூடப் பாக்கல. நான் பாத்துட்டு வர்றேன்."

ஸ்கேன் சென்டரின் முன்மேஜையில் இருந்த பெண் முடியாது என்றாள். டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பதில்லை, அறிக்கை மட்டும்தான் எழுதுவார், சந்தேகம் இருந்தால் சர்ஜனிடம் கேளுங்கள் என்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்னை எழுப்ப அவளுக்கு வழி தெரியவில்லை. என் மடியில் குழந்தை இருந்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தைக்குப் பசியெடுத்தது. கத்த ஆரம்பித்தவள் அந்த ஏசி ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். என் கணவர் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு அங்கேயே பால் கொடுத்தேன்.

உள்ளிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும், மூக்கில் வழுக்கி இறங்கிய கண்ணாடி.

"ஏவண்டி, எவரி பாப இதி?" என்று முன்மேஜைப் பெண்ணிடம் கேட்டவர், பிறகு என்னைப் பார்த்தார்.

"என் கொழந்த மேடம். நேத்து இடுப்பு எம்ஆர்ஐ எடுத்தது எனக்குத்தான். எலும்பு சாவுதுன்னு எழுதினது நீங்கதானா?"

அவர் முகம் சுருங்கியது. ஆனால் கண் குழந்தை மேலேயே இருந்தது.

"கொழந்தைக்கு எத்தன மாசம்?"

"ரெண்டு முடியப் போவுது."

"வலி எப்பத்திலேந்து?"

"வயித்துல எட்டு மாசம் இருக்கறப்பவே."

அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "இத எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லியே" என்றார். குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் என் மேல் இல்லை. "உள்ள வாம்மா."

இருட்டறையில் என் இடுப்பு திரையில் விரிந்தது. சாம்பல் நிறத்தில் இரண்டு பந்துகள். வலது பக்கம் இருண்டிருந்தது. இடது பக்கம் தலையிலிருந்து கழுத்து வரை வெள்ளையாக நனைந்ததுபோல் கிடந்தது. எலும்புக்குள் நீர் கோத்திருக்கிறது என்றார். பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாக அவர் விளக்கியது எனக்கு இப்படிப் புரிந்தது: எலும்பு சாகும்போது செத்த பாகத்துக்கும் உயிருள்ள பாகத்துக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு கோடு விழும். என் படத்தில் அந்தக் கோடு இல்லை. பிரசவத்தை ஒட்டிச் சில பெண்களுக்கு இடுப்பு மூட்டு எலும்பு தற்காலிகமாக இளகிப்போகும், உள்ளே நீர் கோக்கும், சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். ஆரம்பத்தில் இரண்டும் படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். பெண், வயது முப்பது, இடுப்பு வலி என்று மட்டும் தெரிந்துகொண்டு பார்த்தபோது அவருக்கு முதலில் தோன்றியது மோசமான நோய்.

"அப்ப எது மேடம் நெஜம்?"

"இந்த ஒரு படத்த வச்சி நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. நீ சொன்னதையும் சேத்துப் பாத்தா, தானா ஆறுற வகைதான்னு தோணுது. மூணு மாசம் கழிச்சி திரும்ப எடு. அதுவரைக்கும் அந்தக் கால ஊனவே கூடாது. எலும்பு இப்ப பலவீனமா இருக்கு, ஊனினா ஒடஞ்சிடும்."

பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டார். கணவர் காரிலிருந்து எடுத்துவந்தார். விளக்குப் பெட்டியில் மாட்டிச் சற்று நேரம் பார்த்தார். இடது எலும்பு வலதைவிட மங்கலாக இருப்பதை விரலால் காட்டினார். காட்டியபிறகு எனக்கே தெரிந்தது. ஒன்றுமில்லை என்று வீட்டையே ஆண்டுகொண்டிருந்த அதே பிலிம். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை நான் மறைத்து எழுத விரும்பவில்லை. அந்த மங்கல் லேசானதுதான், தவறவிடுவது எளிது என்று அவரே சொன்னார். சரி. ஆனால் தெளிவாகத் தெரியாத ஒன்றை 'இல்லை' என்று சொல்ல அந்தச் சித்தூர் டாக்டருக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லையே.

சர்ஜனிடம் திரும்பப் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ரேடியாலஜிஸ்ட் ஆபரேஷன் பண்றதில்லம்மா. நாங்கதான் பண்றோம்."

"அதனாலதான் சார் அவங்க சொல்றதக் கேக்கறேன். அவங்களுக்கு இதுல அவசரம் இல்ல."

என் கணவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். சர்ஜனுக்கும் சுருக்கென்றிருக்கும்.

"மூணு மாசத்துல தலை நசுங்கிப் போச்சின்னா மூட்டுதான் மாத்தணும். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்காதே."

"வருவேன் சார். வேற யார்கிட்ட போறது?"

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு, என் விருப்பத்தின் பேரில் தள்ளிவைப்பதாக எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன்.

வீடு திரும்பும் வழியில் கார் பாகாலாவைத் தாண்டியது. அதன் பிறகு கணவர் பேசினார்.

"ஒருவேள அந்தம்மா சொன்னது தப்பா இருந்தா?"

"இருக்கலாம். அவங்களே சொன்னாங்களே உறுதி இல்லன்னு. உறுதி இல்லன்னு சொன்ன ஒரே ஆளு அவங்கதான். அதனாலதான் நம்பறேன்."

"நீ இன்னாத்துக்கு எப்பப் பாத்தாலும் எதுத்தே நிக்கறே?"

"நிக்க முடியலன்னுதானே இவ்வளோ தூரம் வந்தோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அது வேடிக்கைக்காக வந்த வார்த்தை இல்லை.

அந்த மூன்று மாதங்களை நான் வீரமாகக் கழிக்கவில்லை. வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் நகர்ந்தேன். குழந்தையைத் தூக்கி நடக்க முடியாது. அழுதால் யாராவது எடுத்து என் மடியில் போட வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் மாமியார். முணுமுணுத்துக்கொண்டே செய்தார், ஆனால் ஒருநாளும் செய்யாமல் இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, "படத்துல எலும்பு செத்துப்போச்சாம், ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டாளாம்" என்று என் காதுபடவே பேசினார்கள். முதல் மாதம் வலி கொஞ்சமும் குறையவில்லை. அப்போதுதான் உண்மையில் பயந்தேன். குழந்தை தவழும்போது பின்னால் ஓட முடியாத அம்மாவாக, என் பிடிவாதத்தால் நானே ஆக்கிக்கொண்ட நொண்டியாக என்னைக் கற்பனை செய்து பார்த்தேன். என்றாலும் சர்ஜனுக்குப் போன் செய்யவில்லை. பயம் வந்ததாலேயே நான் சொன்னது தப்பாகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில நாள் அது எடுபட்டது. சில நாள் எடுபடவில்லை.

மாற்றம் எந்த அறிவிப்பும் இல்லாமல் வந்தது. ஒரு காலை, படுக்கையில் புரண்டபோது வழக்கமாகக் குத்தும் இடம் குத்தவில்லை. மறுபடி புரண்டேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். மாமியார் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இன்னா ஆச்சி?"

"வலிக்கல அத்தே."

"நெஜமாவா?"

"வலிக்கறப்பவும் நெஜமாத்தான் சொன்னேன்."

அவர் எண்ணெய்க் கையோடு வந்து என் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். வலி தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் அந்த இடத்தில் வைக்கப்பட்ட முதல் கை அது.

மூன்றாவது படத்தில் வெள்ளை வடிந்திருந்தது. தலை உருண்டையாக, நசுங்காமல் இருந்தது. கழுத்துப் பக்கம் லேசாக ஒரு மிச்சம், அதுவும் போய்விடும் என்றார் கண்ணாடி அம்மா. அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். சர்ஜன் மூன்று படங்களையும் அடுத்தடுத்து வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல அதிர்ஷ்டம்மா உனக்கு."

"அதிர்ஷ்டம் இல்ல சார். நான் கேட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "கேட்டது நல்லதுதான்" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவு. எனக்கு அது போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்னார்.

இந்தக் கதை எங்கள் பக்கம் பரவிய விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் எம்ஆர்ஐயைத் தூக்கியெறிந்துவிட்டு எழுந்து நடந்தவளாகிவிட்டேன். படமெல்லாம் பொய், ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்பதற்கு என்னைச் சாட்சி சொல்ல ஆரம்பித்தார்கள். என் எலும்புக்குள் இருந்த நீரை முதலில் காட்டியதும் ஒரு படம்தான், அது வடிந்ததைக் காட்டியதும் ஒரு படம்தான் என்று யாரும் கேட்கத் தயாராக இல்லை.

கணவரின் பெரியப்பா மகன், நான் மாமா என்று கூப்பிடுபவர், வடமாலபேட்டையில் இருக்கிறார். லாரி ஓட்டுகிறவர், நிறையக் குடிப்பவர். அவருக்கும் இடுப்பில் வலி வந்தது. அவருக்கும் எம்ஆர்ஐ எடுத்தார்கள். அவருக்கும் எலும்பு சாகிறது என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, சோறு தின்றுவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து சொன்னார்:

"நானும் ஆபரேஷன் வேணான்னு சொல்லிட்டேன் பாப்பா. ஒன்ன மாதிரி வாக்கர் வாங்கிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் தட்டைக் கீழே வைத்தேன். "நீங்க இன்னா என்ன மாதிரி கொழந்தயா பெத்தீங்க?"

"படம் ஒன்னுதானே?"

"இல்ல மாமா. ஒன்னு இல்ல."

மறுநாள் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு, அவர் படத்தையும் எடுத்துக்கொண்டு அதே ஸ்கேன் சென்டருக்குப் போனேன். இந்த முறை முன்மேஜைப் பெண் தகராறு செய்யவில்லை. கண்ணாடி அம்மா அவருக்குத் திரையில் காட்டினார். இரண்டு பக்கமும் தலைக்குள் பாம்பு வளைந்ததுபோல் கோடு ஓடியது. அவருடைய குடியைப் பற்றிக் கேட்டார். மாமா குறைத்துச் சொன்னார். நான் கூட்டிச் சொன்னேன்.

"இது தானா ஆறாது" என்றார் கண்ணாடி அம்மா. "இப்பவே பண்ணினா மூட்டக் காப்பாத்தப் பாக்கலாம். தள்ளிப்போட்டா கஷ்டம்."

மாமா என்னைப் பார்த்தார், துரோகம் செய்துவிட்டதுபோல. "நீ மட்டும் ஒத்துக்க மாட்டே, நான் ஒத்துக்கணுமா?"

"ஆமா. நான் ஒத்துக்காததுக்கு ஒரு காரணம் இருந்திச்சி. ஒங்களுக்கு ஒத்துக்காம இருக்க பயத்த தவிர ஒண்ணும் இல்ல."

வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். நானும் விடவில்லை. அந்த மாதமே அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ந்தார். வலது பக்கத்தைக் காப்பாற்ற முடிந்தது. இடது பக்கம் முற்றிவிட்டிருந்ததால் பின்னர் மூட்டு மாற்ற வேண்டியதாயிற்று. இன்னும் ஆறு மாதம் முன்னாலேயே வந்திருந்தால் என்று சர்ஜன் சொன்னபோது, மாமாவின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா இப்போது லாரி ஓட்டுவதில்லை, ஆனால் நடக்கிறார். குடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். என்னைப் பார்த்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும்.